நூறு தாய்மார் எங்கிருந்து வருவார்கள்?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்றைக்குக் கையில் ஒரு பொருளோடு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், தெரிகிறதா? கோணி ஊசி. அரிசி மூட்டை தைக்கிற ஊசி. வீட்டில் இருக்கிற ஊசிகளிலேயே இதற்குத்தான் பெரிய காது. சணலை ஈரப்படுத்தி முறுக்கிவிட்டால் நுழையும். அதைவிடத் தடிமனாக எதுவும் இதில் நுழையாது.

ஒட்டகமும் ஊசியின் காதும் வருகிற மாற்கு பத்தாம் அதிகாரத்தைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிப்பதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்று இயேசு சொல்கிறாரே, அது 25-ஆம் வசனம். நான் போய்ச் சேர நினைப்பது அதற்கு ஐந்து வசனம் தள்ளி, 30-ஆம் வசனத்துக்கு. அந்த வசனத்தால் எங்கள் வீட்டில் ஒரு காயம் உண்டு. அதனால் நிதானமாகவே வருகிறேன்.

ஒருவன் ஓடிவந்து முழங்கால்படியிடுகிறான். இவன் மூன்று சுவிசேஷங்களில் வருகிறான். மத்தேயு இவனை வாலிபன் என்கிறார், லூக்கா தலைவன் என்கிறார். ஓடிவந்தான் என்று சொல்வது மாற்கு மட்டும். நித்திய ஜீவனுக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறான். இயேசு கற்பனைகளை, அதாவது தேவன் கொடுத்த கட்டளைகளை, சொல்லிக்கொண்டே வருகிறார், நடுவில் ‘வஞ்சனை செய்யாதிருப்பாயாக’ என்று ஒன்றை வைக்கிறார். பத்துக் கற்பனைகளில் அப்படி ஒரு வரி தனியாகக் கிடையாது. நிலமும் ஆஸ்தியும் உள்ளவனிடம் பேசும்போது அந்த வார்த்தை ஏன் வந்தது என்று நான் பல தடவை வேதத்தை மூடிவைத்துவிட்டு யோசித்திருக்கிறேன்.

அவனோ, சிறுவயதிலிருந்தே எல்லாம் கைக்கொண்டிருக்கிறேன் என்கிறான். அப்போது மாற்கு எழுதுகிற ஒரு வரி மற்ற இரண்டு சுவிசேஷத்திலும் இல்லை. இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார். இதற்குப் பிறகுதான் ‘விற்று, தரித்திரருக்குக் கொடு’ வருகிறது. கோபத்தில் சொன்னதில்லை. அந்த வாக்கியமும் ‘கொடு’ என்பதோடு முடியவில்லை, ‘என்னைப் பின்பற்றிவா’ என்றுதான் முடிகிறது. பேதுருவிடமும் லேவியிடமும் சொன்ன அதே அழைப்பு. பன்னிரண்டு சீஷரோடு சேர்ந்து நடக்க, சேர்ந்து சாப்பிட, ஒரு இடம் இவனுக்கும் வைக்கப்பட்டது. அவன் மனமடிந்து, துக்கத்தோடே போய்விட்டான். அவனுடைய பெயர் கடைசிவரை நமக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஊசி. எருசலேமில் ‘ஊசியின் காது’ என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்கால்போட்டு நுழையும் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டேன், பல வருஷம் நம்பினேன். அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. முதல் நூற்றாண்டில் யாரும் எழுதிவைக்கவில்லை, அது பின்னாட்களில் வந்த விளக்கம். கிரேக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினால் ஒட்டகம் தடித்த கயிறு ஆகிவிடும் என்று இன்னொரு சமாதானமும் உண்டு. கயிறானாலும் இந்தக் காதில் நுழையாது, பாருங்கள். யூத ரபிகளின் பாபிலோனியத் தல்மூதில் ‘ஊசியின் காதில் யானை’ என்றே வருகிறது. நடக்கவே நடக்காத காரியத்துக்கு அவர்கள் மத்தியில் அப்படித்தான் பேச்சு. சீஷர்களும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அதனால்தான் ‘பின்னை யார் ரட்சிக்கப்படக்கூடும்’ என்று திடுக்கிட்டார்கள். ஆபிரகாமுக்கு ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் தேவன் தந்த ஆசீர்வாதம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆசீர்வாதம் பெற்றவனுக்கே கதவு இப்படி என்றால் வலைஞனுக்கு என்ன வழி? மனுஷரால் கூடாது, தேவனால் கூடும் என்கிறார் இயேசு. வாசலைப் பெரிதாக்கி ஒட்டகத்தை நாமே ஓட்டிக்கொண்டு போகப் பார்த்தால் இந்தப் பதிலுக்கு அங்கே வேலையே இருக்காது.

லூக்காவில் ஒரு அதிகாரம் தள்ளினால் எரிகோவில் சகேயு. அவனும் ஐசுவரியவான்தான், வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன். அவன் எதையும் கேட்கவில்லை, காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு சொன்னார். அதற்கு அப்புறம்தான் பணப்பை திறக்கிறது. பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாய்த் திரும்ப. ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்றார் ஆண்டவர். கொடுத்து இரட்சிப்பை வாங்கினான் என்று இதை வாசிக்க என்னால் முடியவில்லை. விருந்தாளி வாசல்படி ஏறின சந்தோஷத்தில் அவன் கை தானாகத் திறந்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் விற்கவேண்டுமா? இந்தக் கேள்வி பழையது. எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்தில் கிளமெந்து என்ற ஆசிரியர் கி.பி. 200 வாக்கில் இதே மாற்கு பகுதியை எடுத்துவைத்து, எந்த ஐசுவரியவான் இரட்சிக்கப்படுவான் என்று விளக்கம் எழுதினார். எறியவேண்டியது பொருளின்மேல் உள்ள ஆசையை, யாரிடமும் எதுவும் இல்லை என்றால் பசித்தவனுக்கு யார் சோறு போடுவது என்றார். அதே எகிப்தில் ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, இருபது வயது வாலிபன் ஒருவன் ஆலயத்துக்குள் நுழைகிற நேரத்தில் மத்தேயுவிலிருந்து இந்த வார்த்தை வாசிக்கப்படுகிறது. தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டான். முன்னூறு அரூரா நிலம், கிட்டத்தட்ட இருநூறு ஏக்கர், ஊராருக்குக் கொடுத்துவிட்டான். நம் ஊரில் வனத்து அந்தோணியார் என்று சொல்கிறோமே, அவர்தான்.

இரண்டு பேரில் யார் சரி என்று கேட்டால், கிளமெந்து சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்குள் ஒளிந்துகொள்வது எனக்கு ரொம்ப எளிதாக இருக்கிறது, அதனால் அந்தோணியார் பக்கத்திலேயே என்னை நிறுத்திக்கொள்கிறேன். ‘ஆசை இல்லை, பொருள் மட்டும்தான் இருக்கிறது’ என்று என் பீரோவைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, 30-ஆம் வசனம். நாங்கள் எல்லாவற்றையும் விட்டோமே என்கிறார் பேதுரு. என்னிமித்தம் வீட்டையோ தகப்பனையோ தாயையோ நிலத்தையோ விட்டவன் இம்மையிலே நூறத்தனையாக அடைவான் என்கிறார் இயேசு. நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு உபவாசக் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் இந்த ‘நூறத்தனையாக’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு மணிநேரம் பேசினார். ஒன்றை விதைத்தால் நூறு அறுப்பீர்கள் என்றார். அப்பாவின் அச்சகம் கடனில் இருந்த சமயம். அம்மா கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டார். மணிக்கட்டில் வெள்ளையாக வளையல் தடம் இருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த வருஷம் அச்சகத்தை மூடினோம்.

வளையல் போனது எனக்குப் பெரிதில்லை. அதற்கப்புறம் பல வருஷம் அம்மா, ‘எனக்குத்தான் விசுவாசம் பத்தவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. தேவனுடைய வாக்கை வட்டிக் கணக்காக மாற்றிச் சொன்னால், வட்டி வராதபோது ஏழை தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறாள்.

அந்த வசனத்தை முழுதாக வாசியுங்கள். ‘துன்பங்களோடேகூட’ என்று மாற்குவில் இருக்கிறது, கூட்டத்தில் அது வாசிக்கப்படவில்லை. அடுத்தது, கிடைக்கிறவைகளின் பட்டியலில் ‘தாய்களையும்’ என்று பன்மையில் இருக்கிறது. வட்டிக் கணக்கில் நூறு வீடு புரியும், நூறு ஏக்கர் புரியும். நூறு தாய் எப்படி வருவார்கள்? பெற்றவள் ஒருத்திதானே. விட்டவன் பட்டியலில் இருக்கிற தகப்பன், கிடைக்கிற பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள், அந்த இடத்தில் பரமபிதா ஒருவர்தான். தாய்கள் நூறு பேர் வரவேண்டும் என்றால், அது சபையில்தான் நடக்கும். வீடுகளும் அப்படித்தான், நமக்குப் பட்டா ஆகாத, நமக்குக் கதவு திறக்கிற வீடுகள். ரோமாபுரிக்கு எழுதின நிருபத்தின் கடைசியில் பவுல் ரூப் என்பவனை வாழ்த்தும்போது, ‘எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்’ என்கிறார். எந்த ஊரில், எந்தக் காய்ச்சலில் அந்த அம்மா பவுலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாரோ.

அச்சகம் மூடி இரண்டு வருஷத்தில் அப்பாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்தப் பத்தொன்பது நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. சபையிலிருந்து பெண்கள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், ராத்திரி அம்மாவோடு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்தார்கள். எல்லாரும் எங்களைப் போலத்தான், இருவர் மூவர் எங்களைவிட இல்லாதவர்கள். அப்பா வீடு திரும்பின அன்று சமையலறையில் பதினொரு பாத்திரங்கள் இருந்தன, பதினொன்றிலும் வேறு வேறு பெயர் வெட்டியிருந்தது. அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துலக்கினார். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சர்க்கரை போட்டார். என்னைத்தான் வீடு வீடாக அனுப்பினார்.

பத்துப் பாத்திரம் போய்ச் சேர்ந்தது. இதோ, இந்தத் தூக்குவாளி மட்டும் நின்றுவிட்டது. இங்கே பாருங்கள், மூடியில் இரண்டே எழுத்து, ‘ஞா. செ.’ சபையில் எல்லாரிடமும் கேட்டுவிட்டோம், யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை. அம்மா தினமும் உலை வைக்கும்போது காணிக்கைக்கு ஒரு பிடி அரிசி எடுத்து இதில்தான் போடுகிறார். இன்றைக்கு முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது.