ஒலிவியா டி ஹாவிலாண்ட்: நிலைப்பது வேடமா, வழக்கா? ‘வழக்கே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

1916 ஜூலை 1 அன்று டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிபோர்னியாவின் சரடோகாவில் வளர்ந்து, 2020 ஜூலை 26 அன்று பாரிசில் 104 வயதில் மறைந்தவர் ஒலிவியா டி ஹாவிலாண்ட். ஹாலிவுட்டின் பொற்கால நட்சத்திரங்களில் இத்தனை காலம் நம்மோடு இருந்தவர்கள் மிகச் சிலர். அவரை நாம் எதற்காக நினைவில் வைப்பது? ஏற்ற வேடங்களுக்காகவா, தன்னை ஒப்பந்தத்தில் கட்டிவைத்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ மீது தொடுத்த வழக்குக்காகவா? இதுதான் தலைப்பு.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ‘கான் வித் த விண்ட்’ படத்து மெலனியை அழகாகச் சொன்னார். எரல் ஃபிளினோடு நடித்த எட்டுப் படங்களைச் சொன்னார். இரண்டு ஆஸ்கர்களையும் எடுத்துக் காட்டினார். “சட்டப் புத்தகத்தை யார் புரட்டப் போகிறார்கள், படத்தைத்தானே பார்ப்பார்கள்?” என்று கேட்டார், அவை கைதட்டியது. அந்த வேடங்களில் ஒன்றைக்கூட நான் குறைத்துப் பேசப் போவதில்லை. அவற்றில் மிகச் சிறந்தவை அவருக்கு எங்கிருந்து, எப்படிக் கிடைத்தன என்று மட்டும் கேட்கப் போகிறேன்.

அதற்கு முதலில் அன்று ஸ்டூடியோக்கள் நடிகர்களோடு போட்ட ஒப்பந்தம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். பெயர் ஏழாண்டு ஒப்பந்தம். ஆனால் நடிகைக்கு ஏழாண்டு வேலைக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. முதலில் 52 வாரம். அது முடிந்ததும் இன்னொரு 52 வாரம் நீட்டிக்கலாமா, அனுப்பிவிடலாமா என்று முடிவு செய்வது ஸ்டூடியோ. இப்படி ஆறு முறை நீட்டிக்கும் உரிமை ஸ்டூடியோவுக்கு மட்டும். நடிகை நடுவில் “எனக்குப் போதும்” என்று எழுந்து போக முடியாது. வருடத்துக்கு 52 வாரம் என்றாலும், பெரும்பாலான ஒப்பந்தங்களில் சம்பளம் 40 வாரத்துக்குத்தான். மீதி 12 வாரம் சம்பளமில்லாத ஓய்வு.

வேறு கம்பெனி அவரைக் கேட்டால் ஸ்டூடியோ அவரை வாடகைக்கு விடும். வாடகை எவ்வளவு கூடுதலாக வந்தாலும் அது ஸ்டூடியோவுக்கு; நடிகைக்கு அதே வாரச் சம்பளம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ‘சஸ்பென்ஷன்’.

ஒரு கதை கொடுக்கிறார்கள். வேடம் பிடிக்கவில்லை, வேண்டாம் என்கிறார். உடனே சஸ்பென்ஷன். அந்த வேடத்தில் வேறொருவர் நடித்து முடிக்கும் வரை இவருக்குச் சம்பளம் இல்லை. வேறெங்கும் வேலை செய்யவும் கூடாது. படப்பிடிப்பு பத்து வாரம் என்றால் பத்து வாரச் சம்பளம் போச்சு. அதோடு முடிந்ததா? அந்தப் பத்து வாரத்தையும் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள். இரண்டு முறை மறுத்தால் இருபது வாரம். ஐந்து முறை மறுத்தால் ஒரு வருடமே ஏறிவிடும். சுயமரியாதை அதிகமாக அதிகமாகச் சிறையும் நீளும். ஏழு என்று கையெழுத்துப் போட்டவர் எட்டில் விடுபடுவாரா, பத்தில் விடுபடுவாரா என்று அவருக்கே தெரியாது. நடுவர் அவர்களே, இந்த ஒரே ஒரு ஷரத்துதான் வழக்கின் உயிர்நாடி.

ஒலிவியா வார்னர் பிரதர்ஸில் நுழைந்தபோது பதினெட்டு வயதுப் பெண். 1936 மே மாதத்திலிருந்து ஏழாண்டு ஒப்பந்தம். அங்கே அவருக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி கதாநாயகனைக் காதலோடு பார்த்துக்கொண்டு நிற்கும் வேடங்கள். எதிரணி பெருமையாகச் சொன்ன மெலனியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைத் தயாரித்தது வார்னர் அல்ல, செல்ஸ்னிக். அவருக்கு ஒலிவியாவை இரவல் தர ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னர் மறுத்தார். ஒலிவியா நேராக ஜாக் வார்னரின் மனைவி ஆன் வார்னரைச் சந்தித்து உதவி கேட்டார். அவர் சொல்லித்தான் அனுமதி வந்தது. தனக்குப் பொருந்தும் ஒரு வேடத்தில் நடிக்க முதலாளியின் வீட்டம்மாவிடம் போய்ச் சிபாரிசு கேட்க வேண்டியிருந்தது. மெலனியைக் காட்டி எங்கள் அணியை வெல்ல நினைத்தீர்கள். அந்த மெலனிதான் எங்கள் முதல் சாட்சி!

1943 மே மாதம் ஏழாண்டு முடிகிறது. அப்போது நிறுவனம் சொன்னது: சஸ்பென்ஷனில் இருந்த காலம் சுமார் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது, அதையும் கழித்துவிட்டுப் போங்கள். ஆறு மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் இருந்தார்கள். இவர் மார்ட்டின் கேங் என்ற வழக்கறிஞரிடம் போனார்.

அவருக்கு முன்னால் யாரும் எதிர்க்கவில்லையா? எதிர்த்தார்கள். பெட்டி டேவிஸ் 1936-இல் இதே வார்னரை விட்டு இங்கிலாந்து போய்ப் படம் செய்யப் பார்த்தார். லண்டன் நீதிமன்றத்தில் தோற்றுத் திரும்பி வந்தார். ஜேம்ஸ் காக்னி அதே 1936-இல் வார்னரை எதிர்த்து வென்றார். ஆனால் அவர் வென்றது எப்படி? அவருடைய ஒப்பந்தத்தை நிறுவனமே மீறிவிட்டது என்று காட்டி வென்றார். அதனால் அந்த வெற்றி அவரோடு நின்றுபோனது. அடுத்த நடிகருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஒலிவியா தரப்பு எடுத்தது வேறு வழி. ஒப்பந்தத்தைத் தொடாமல் மாநிலச் சட்டத்தைத் தொட்டார்கள். ஒருவரின் தனிப்பட்ட உழைப்பை ஓர் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு கட்டிவைக்கலாம் என்பதற்குக் கலிபோர்னியாவில் பழைய உச்சவரம்பு உண்டு. 1872-இல் அது இரண்டே ஆண்டு. பிறகு முதலாளிகளுக்கு வசதியாக ஏறி ஏறி 1931-இல் ஏழாண்டு ஆனது. 1937-இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 2855-ஆம் பிரிவாக இடம்பெற்றது. அது ஏட்டில் இருந்தது. எல்லா ஸ்டூடியோ வழக்கறிஞர்களுக்கும் தெரிந்தும் இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியை வைத்து ஸ்டூடியோவோடு கடைசி வரை மல்லுக்கு நிற்க ஒரு நட்சத்திரம் வரவில்லை. வந்தால் வாழ்க்கை போய்விடும் என்ற பயம்.

1943 ஆகஸ்ட் 23 அன்று லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட் என்ற விசாரணை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நட்டஈடு கேட்கவில்லை. “ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அறிவியுங்கள்” என்பதுதான் கோரிக்கை.

வார்னர் தரப்பின் வாதம் இரண்டு. ஒன்று, ஏழாண்டு என்றால் உண்மையில் வேலை பார்த்த ஏழாண்டு. வேலை செய்யாத வாரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு, சஸ்பென்ஷன் காலத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். சட்டம் தந்த பாதுகாப்பை அவரே விட்டுக்கொடுத்துவிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது வாதம் அசைக்க முடியாதது போலத் தெரியும். நம்மில் பலரும் “கையெழுத்துப் போட்டாச்சே, இனி என்ன செய்ய?” என்றுதான் கேட்போம். 1943 நவம்பரில் தீர்ப்பு ஒலிவியா பக்கம் வந்தது. வார்னர் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பர் 8 அன்று கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஏழாண்டு என்பது நாட்காட்டி காட்டும் ஏழாண்டுதான். வேலை செய்த வாரக் கணக்கு எடுபடாது. பொதுநலனுக்காக எழுதப்பட்ட பாதுகாப்பை ஒரு தனி ஒப்பந்தத்தின் வழியாக எழுதி வாங்கிவிட முடியாது. வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக எல்லோரும் அதை எழுதிக் கொடுத்துவிடுவார்களானால் பிறகு சட்டம் எதற்கு? 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் வார்னரின் மனுவை ஏற்க மறுத்தது. கதை முடிந்தது.

இதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். வழக்குப் போட்டதுமே வார்னர் மற்ற ஸ்டூடியோக்களுக்குக் கடிதம் அனுப்பியது: இவர் எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறார், வேலை தராதீர்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எந்த ஸ்டூடியோவிலும் அவர் நடிக்கவில்லை. வயது 27, 28. ஒரு நடிகையின் வாழ்வில் அவை எப்பேர்ப்பட்ட ஆண்டுகள் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்குச் செலவும் கைக்காசு. தோற்றிருந்தால் அதே ஸ்டூடியோவின் வாசலில் அதே முதலாளி முன்னால் போய் நின்றிருக்க வேண்டும். அந்தக் காலத்தை அவர் வீட்டில் உட்கார்ந்து கழிக்கவில்லை. அலாஸ்கா பக்கமும் தென் பசிபிக் தீவுகளிலும் இருந்த ராணுவ மருத்துவமனைகளுக்குப் போனார். காயம்பட்ட வீரர்களைப் படுக்கை படுக்கையாகப் பார்த்துப் பேசினார். அங்கேயே நிமோனியா வந்து படுத்தார்.

இப்போது எதிரணியின் ஆஸ்கர் கணக்குக்கு வருகிறேன். அவருக்கு நடிப்புக்காக வந்த பரிந்துரைகள் ஐந்து. ‘கான் வித் த விண்ட்’ – செல்ஸ்னிக்கிடம் இரவல் போனபோது. ‘ஹோல்ட் பேக் த டான்’, 1941 – பாரமவுண்ட்டுக்கு இரவல் போனபோது. ‘டு ஈச் ஹிஸ் ஓன்’, 1946 – பாரமவுண்ட், முதல் ஆஸ்கர். ‘த ஸ்னேக் பிட்’, 1948 – ஃபாக்ஸ். ‘த ஏரஸ்’, 1949 – பாரமவுண்ட், இரண்டாவது ஆஸ்கர். ஐந்தில் ஒன்றாவது வார்னர் படமா? ஒன்றுகூட இல்லை! கட்டிவைத்தவர்களிடம் இருந்தபோது பூஜ்யம். அவிழ்த்துக்கொண்டு வந்தபின் 1946 முதல் 1949 வரை வந்த படங்களுக்கு மூன்று பரிந்துரை, இரண்டு விருது. நீங்கள் மேசைமேல் வைத்த அந்த இரண்டு ஆஸ்கர்களுக்கும் வேர் 1944 டிசம்பர் 8-இல் இருக்கிறது.

விடுதலை ஆனதும் அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ படத்தை மிட்செல் லைசன்தான் இயக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் கதையை மறுத்தாலே தண்டனை. இப்போது இயக்குநரைச் சொல்கிறார். ‘த ஸ்னேக் பிட்’ படத்துக்காக மனநல மருத்துவமனைகளுக்கு நேரில் போய், நோயாளிகளுக்குத் தரப்பட்ட நீர் சிகிச்சையையும் மின் அதிர்ச்சி சிகிச்சையையும் கவனித்தார். பிறகு பிராட்வேயில் ஒரு நாடகம் பார்த்தார். இது நான் நடிக்க வேண்டிய கதை என்று வில்லியம் வைலரைத் தொடர்புகொண்டு இயக்கக் கேட்டார். அதுதான் ‘த ஏரஸ்’.

அந்தப் படத்தில் ஒரு காட்சி. காதலனோடு ஓடிப்போகப் பெட்டியோடு காத்திருந்த பெண், அவன் வரமாட்டான் என்று தெரிந்ததும் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். வசனம் இல்லை. வைலர் திரும்பத் திரும்ப எடுக்கிறார், திருப்தி இல்லை. கடைசியில் பொறுமையிழந்த ஒலிவியா பெட்டியை வீசிவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, பெட்டி காலி! வைலர் கனமான புத்தகங்களை நிரப்பித் திரும்ப ஏறச் சொன்னார். படத்தில் பாருங்கள்: தோள் ஒருபக்கம் இழுபடுகிறது, கால் படியில் ஏற மறுக்கிறது, ஒரு வாழ்க்கை முழுவதும் அந்தக் கையில் தொங்குகிறது. காலிப் பெட்டியோடு வந்திருந்தால் அது வெறும் மாடி ஏறும் காட்சி. இப்படி ஒரு கதையை, இப்படி விடாப்பிடியான ஓர் இயக்குநரைத் தானே தேடிப் பிடிக்கும் உரிமை அவருக்கு வழக்கில் கிடைத்தது.

எதிரணி இரண்டாவதாக ஒரு நல்ல கேள்வி கேட்டது. ஸ்டூடியோக்களின் ஆதிக்கம் உடைந்ததற்கு 1948-இன் பாரமவுண்ட் தீர்ப்பும் தொலைக்காட்சியும் காரணமில்லையா? காரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாரமவுண்ட் தீர்ப்பு பிரித்தது ஸ்டூடியோவையும் திரையரங்கையும். தொலைக்காட்சி பிரித்தது ஸ்டூடியோவையும் பார்வையாளரையும். ஸ்டூடியோவின் பிடியிலிருந்து மனிதரைப் பிரித்தது ஒலிவியாவின் வழக்கு. போருக்குப் போன காலத்தைக் காட்டி ஒரு நடிகரின் ஒப்பந்தத்தை நீட்டும் வழியும் அதோடு அடைபட்டது. படத்துக்குப் படம் பேசி ஒப்பந்தம் போடும் காலம் அதன்பின் வேகமெடுத்தது. 1950-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ‘வின்செஸ்டர் 73’ படத்துக்கு லாபத்தில் பங்கு பேசும் அளவுக்கு நட்சத்திரங்களின் கை ஓங்கியது.

மூன்றாவதாக, கடைசி காலத்தில் அவர் ஒரு வழக்கில் தோற்றாரே என்றார்கள். ஆமாம். ‘ஃபியூட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் தன்னை அனுமதியில்லாமல், சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினார்கள் என்று 2017 ஜூன் 30 அன்று வழக்குப் போட்டார். மறுநாள் அவருக்கு 101 வயது. 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தின் பக்கம் நின்றது. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் விசாரிக்க மறுத்தது. அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். வாழ்ந்தவர்களைப் பற்றிக் கதை எழுத எல்லோரிடமும் அனுமதி வாங்கச் சொன்னால் வரலாற்றுப் படமே எடுக்க முடியாது. ஆனால் 1943-இல் வழக்குப் போட்ட பெண்ணுக்கு 74 ஆண்டு கழித்தும் தன் பெயருக்காக நீதிமன்றப் படியேறும் தெம்பு இருந்தது. அவர் யார் என்று கேட்டால் அதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

“சட்டப் புத்தகத்தை யார் புரட்டுகிறார்கள்?” என்ற கேள்விக்கு வருகிறேன். இசைக் கம்பெனிகள் புரட்டின. தங்கள் பாடகர்களும் இதே ஏழாண்டைக் காட்டி வெளியேறுவதைப் பார்த்து, 1987-இல் சட்டத்தில் ஒரு விலக்கு வாங்கினார்கள்: ஒப்புக்கொண்ட ஆல்பங்களைத் தராமல் போனால் நட்டஈடு கேட்கலாம். 2008-இல் ‘தேர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ என்ற ராக் இசைக்குழு வெளியேறியபோது ஈஎம்ஐ என்ற இசைக் கம்பெனி 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. குழு பதிலாக நீட்டியது 2855-ஆம் பிரிவை. இன்றும் அதை டி ஹாவிலாண்ட் சட்டம் என்றுதான் அழைக்கிறார்கள். நடிகர்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு விலக்கை எந்த ஸ்டூடியோவாலும் இதுவரை வாங்க முடியவில்லை. இன்று கலிபோர்னியாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் புதுமுக நடிகை ‘கான் வித் த விண்ட்’ பார்த்திருக்காமல் இருக்கலாம். அவருடைய எட்டாவது ஆண்டு அவருக்கே சொந்தம்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.