கொடியில் காயும் வேட்டியும் காலி மனை எருக்கும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. பிழைப்புக்கு வேலை வேறு. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கொஞ்ச நேரம், மாலையில் வந்த பின் கொஞ்ச நேரம், மதுரையில் வீட்டைச் சுற்றியே படம் எடுக்கிறவன். என்னைப் போன்றவர்களிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவருக்குத் தாலி கட்டும் நிமிடம் ஒரே தடவைதான். பத்திரிகைக்காரருக்கு அன்றைய சம்பவம் அன்றோடு சரி. நமக்கு அந்த நெருக்கடி கிடையாது. கொல்லையில் நிற்கும் செம்பருத்தி நாளைக்கும் அங்கேதான் நிற்கும். இன்று பார்த்ததை நாளை வேறு வெளிச்சத்தில் பார்க்கலாம், மழை பெய்தால் மழையோடு பார்க்கலாம். ஒரே பொருளிடம் திரும்பத் திரும்பப் போக முடிவதுதான் அமெச்சூரின் சொத்து என்று நான் நம்புகிறேன். இன்று பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் நிறம். நிறத்தைப் பழகுவதற்குப் பூச்சந்தைக்கோ திருவிழாவுக்கோ போக வேண்டாம். வெள்ளையில் தொடங்குங்கள். கொடியில் காயும் ஒரு வெள்ளை வேட்டி போதும். எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்ல ஒயிட் பேலன்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு; பல செல்போன்களில் ப்ரோ மோடுக்குள் இருக்கும். வழக்கமாக அது ஆட்டோவில் கிடக்கும். அதைச் சூரியன் படம் போட்ட இடத்தில், அதாவது டேலைட்டில், நிறுத்திவிடுங்கள். அப்புறம் அதே வேட்டியை விடிந்ததும் ஒரு படம், உச்சி வெயிலில் ஒரு படம், வெயில் நகர்ந்து நிழல் விழுந்ததும் ஒரு படம், இருட்டிய பின் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு படம் என்று எடுங்கள். எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். விடியலில் எடுத்தது இளமஞ்சளாக இருக்கும். உச்சி வெயிலில் எடுத்தது பளிச்சென்ற வெள்ளை. நிழலில் எடுத்தது நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி தெரியும். பல்பு வெளிச்சத்தில் எடுத்தது ஏறக்குறைய ஆரஞ்சு.

வேட்டி ஒன்றுதான், மாறியது வெளிச்சம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின், குண்டு பல்பு 2,700 பக்கம், உச்சி வெயில் 5,500 பக்கம். நீலவானம் மட்டும் வெளிச்சம் தரும் நிழல் 7,000-க்கும் மேலே போகும். எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்கச் செம்மஞ்சள். இவ்வளவு மாற்றமும் நம் கண்ணுக்கு முன்னால் தினமும் நடக்கிறது. ஆனால் வேட்டி வெள்ளை என்று மூளைக்குத் தெரியும், அதனால் அதுவே திருத்திக்கொள்கிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் அதே வேலையைத்தான் செய்யப் பார்க்கிறது. அந்தி வானத்தைச் செக்கச் செவேலென்று கண்ணால் பார்த்துவிட்டுப் படத்தில் வெளிறிப்போய் இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள், டேலைட்டில் வைத்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இதோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது, பக்கத்துப் பொருளிலிருந்து தெறிக்கும் நிறம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் ரெட் ஆக்சைடு தரை இருக்கும். ஜன்னல் வெயில் அந்தத் தரையில் விழும் நேரத்தில் குழந்தையை அங்கே உட்கார வைத்து எடுத்தால், தாடைக்குக் கீழே, கன்னத்தின் அடிப்பக்கம், ஒரு சிவப்பு ஏறியிருக்கும். அது அழகாகவும் இருக்கும். அதே குழந்தையைப் பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவரோரம் நிறுத்துங்கள், முகம் நோய்வாய்ப்பட்ட மாதிரி ஆகிவிடும். நம் வீட்டில் எந்த மூலை எந்த நேரத்தில் என்ன நிறத்தைத் தருகிறது என்று தெரிந்து வைத்திருப்பது, விலை கூடிய லென்ஸ் வாங்குவதைவிடப் பெரிய விஷயம்.

செம்பருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்புச் செம்பருத்தியை வெயிலில் எடுத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேரில் இதழில் நரம்பு நரம்பாகக் கோடுகள் தெரியும். படத்தில் சிவப்புப் பெயின்ட் கொட்டிய மாதிரி ஒரே அப்பலாக இருக்கும். காரணம், கேமரா நிறத்தைச் சேகரிக்கும் விதம். 1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி லண்டனில் ஒரு கட்டம் போட்ட ரிப்பனின் படத்தைக் காட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டிகள் வழியே தனித்தனியாக எடுத்த படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வைத்தார். நிறத்தை மூன்றாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் அந்த வழிதான் இன்றைக்கும். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்று பெரும்பாலான கேமரா சென்சார்களில், அதாவது வெளிச்சத்தை வாங்கும் சில்லுகளில், இருக்கிறது. அதில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சையை வாங்கும், ஒன்று சிவப்பை, ஒன்று நீலத்தை. விட்டுப்போனதைக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. செம்பருத்தியில் இருந்து வருவதில் பெரும்பகுதி சிவப்பு. சிவப்புப் புள்ளிகள் சீக்கிரமே நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பிய பிறகு நரம்பேது, மடிப்பேது? ஆகவே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். படம் திரையில் சற்று இருட்டாகத் தெரியும். பரவாயில்லை, பிற்பாடு எடிட்டிங்கில் வெளிச்சத்தைத் தூக்கிக்கொள்ளலாம். மேகம் மூடிய நேரமாகப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது குளோசப். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

எங்கள் தெருக் கோடியில் காலி மனை ஒன்றில் எருக்கஞ்செடிகள் நிற்கின்றன. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பறிப்பதோடு சரி. ஒரு எருக்கம்பூவை அருகில் போய்ப் பாருங்கள். ஐந்து இதழ்களுக்கு நடுவே கிரீடம் மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். அதன் உச்சியில் ஐந்து மூலைகள் கொண்ட ஒரு தட்டு. இந்தப் பூவின் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை, சின்னச் சின்னப் பொதிகளாக இருக்கிறது. தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் காலில் அந்தப் பொதி மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. வண்டு பறந்த கையோடு அதன் காலைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் சில சமயம் அந்தப் பொதி தொங்குவது தெரியும். அது தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இலையைத் திருப்பினால் இன்னோர் உலகம். கொழுந்து மொட்டுகளில் மஞ்சள் அசுவினிப் பூச்சிகள் அப்பியிருக்கும். உடம்பு பளீர் மஞ்சள், கால்கள் கறுப்பு. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி இந்தச் செடியில் முட்டை வைக்கும். ஒரு முட்டை, ஒரு இலை என்று தனித்தனியாக. அதிலிருந்து வரும் புழுவுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக வரி. உடம்பில் மூன்று இடங்களில் ஜோடி ஜோடியாகக் கறுப்புக் கொம்புகள். எருக்கம்பாலின் நஞ்சைத் தின்றே வளர்வதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை. எச்சரிக்கைக்காகவே இயற்கை பூசிய நிறம் அது. இதையெல்லாம் பார்க்க நான் எங்கும் பயணம் போகவில்லை.

கருவி என்று பார்த்தால், மிக அருகில் வைத்து எடுக்க உதவும் மாக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய்தான், விலையும் குறைவு. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 50 மில்லிமீட்டர் நீளக் குழாய் மாட்டினால், பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். ஆனால் அந்த அளவுக்கு நெருங்கும்போது லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் எட்டு வைத்தாலும் கூர்மையாக வருவது ஒரு மில்லிமீட்டருக்குள்தான். புழுவின் கண் கூர்மையாக இருந்தால் வால் மங்கிவிடும். ஆகவே ஃபோகஸை லென்ஸில் திருகிக்கொண்டிருக்காமல், உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து, கண்ணில் கூர்மை வரும் நொடியில் அழுத்துங்கள். காற்றுதான் எதிரி. விடிந்து கொஞ்ச நேரம் வரை எங்கள் பக்கம் காற்று அடங்கியிருக்கும். பூச்சிகளும் குளிரில் சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் ஒரு டிரேசிங் பேப்பரைச் செடிக்கும் வெயிலுக்கும் நடுவில் பிடியுங்கள், கடுமையான நிழல் கரைந்துவிடும். முக்கியமாக, எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. இலையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கிவிடாதீர்கள்.

சரி, சுற்றுலாவுக்கு வருவோம். வீட்டில் நமக்கு இருந்த அந்தச் சொத்து, திரும்பத் திரும்பப் பார்க்கும் வசதி, சுற்றுலா வேனில் ஏறியதும் பறிபோகிறது. இறங்கு, பார், எடு, ஏறு. தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, சாப்பிட்டு முடித்து அங்கே போய்ச் சேரும்போது பெரும்பாலும் உச்சி வெயில். மணல் கண்ணைக் கூச வைக்கும். அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி, இடிந்த தேவாலயத்தின் முன்னால் ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயல் அழித்த ஊர் அது. அந்த ஊரைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை.

அங்கே போனால் எல்லா இடத்தையும் எடுக்க நினைக்காதீர்கள். ஒரே இடத்தில் உட்காருங்கள். நான் அந்தத் தேவாலயச் சுவரைத்தான் தேர்ந்துகொண்டேன். பவளக்கல்லால் கட்டிய சுவர். உச்சி வெயிலில் அது தட்டையான வெளுத்த மதில்தான். பொழுது சாயச் சாய வெயில் பக்கவாட்டில் இருந்து சுவரைத் தடவும். அப்போது கல்லுக்குள் இருக்கும் பவளத்தின் துளைகள் ஒவ்வொன்றாக நிழல் பிடித்து எழும்பும். சின்னச் சின்ன நட்சத்திரங்கள் அடுக்கி வைத்தது போல. ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது அந்தக் கல் என்பது அந்த வெளிச்சத்தில்தான் எனக்கு உறைத்தது. காலி மனையில் எருக்கை எடுத்த அதே குழாய், அதே லென்ஸ். கடலையும் அப்படித்தான். ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் அமைதியானதைப் பெண்கடல் என்றும் அலையடிப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் மாறி மாறி எடுத்தால் நிறம் எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள். இருட்டும் முன் கிளம்பிவிட வேண்டிய இடம் அது, ஆகவே உள்ள நேரத்தைச் சுற்றி அலைந்து செலவழிக்காதீர்கள். அங்கே மீன்பிடித்தும் சங்குப் பொருள் விற்றும் வாழ்கிற மக்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

கடைசியாகக் குடும்பப் படம். மணலும் வானமும் பளபளக்கும் இடத்தில் கேமரா என்ன நினைக்கும் தெரியுமா? தனக்கு முன்னால் இருப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் அது வெளிச்சத்தை அளக்கும். வெள்ளை மணல் நிறைய இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம் மாநிற முகங்களும் கறுத்த முகங்களும் இருட்டில் புதைந்துவிடும். இதில் முகத்தின் பேரில் எந்தக் குறையும் இல்லை, அளவுதான் தப்பு. எக்ஸ்போஷரைப் பிளஸ் ஒன்றுக்கு ஏற்றுங்கள், அல்லது ஆட்களைச் சுவர் நிழலுக்குக் கூட்டிப்போங்கள். கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாகப் படம் கழுவும் லேப்களுக்கு அனுப்பிய சோதனை அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ஷெர்லி கார்டு என்பார்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பதுதான் கணக்கு. பல நிற முகங்கள் கொண்ட அட்டைகள் வெகுகாலம் கழித்துத்தான் வந்தன. இன்றைக்குப் பல செல்போன்களில் பியூட்டி மோட் என்ற பெயரில் அதே வேலை நடக்கிறது. கேட்காமலேயே முகத்தை வெளுக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. அதைத் தேடிப்பிடித்து அணைத்துவிடுங்கள். படத்தைப் பிரிண்ட் போடக் கடையில் கொடுக்கும்போது, "கலர் கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம்ண்ணே, உள்ளது உள்ளபடி போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவர்களும் ஒரு சுற்று வெளுத்துத்தான் தருவார்கள்.

நன்றி, வணக்கம்.