கதவில் நிற்காத மஞ்சள் சட்டம்

வணக்கம். ரசம் வீடியோவுக்காகக் காத்திருந்தவர்கள் மன்னிக்கவும், அது அடுத்த வாரம். இன்று எனக்கு வயிற்றெரிச்சல்.

இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். நியூயார்க்கில் வாழும் ஆறு நண்பர்களைப் பற்றிய ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், அவர்களில் ஒருத்தியான மோனிகா வீட்டு ஊதாக் கதவில், எட்டிப் பார்க்கும் துளையைச் சுற்றி ஒரு மஞ்சள் சட்டம் மாட்டியிருக்குமே, அதேதான். 28 டாலர், வரி தனி! மரம் என்று நினைத்து வாங்கினேன். தட்டிக் காட்டுகிறேன், கேளுங்கள். பிளாஸ்டிக். பின்னால் ஒட்டுவதற்குக் கொடுத்த நாடா என் விரலில் ஒட்டுகிறது, கதவில் ஒட்டவில்லை. முதல் நாள் இரவு 2 மணிக்குப் படாரென்று விழுந்தது. திருடன் என்று நினைத்துத் தோசைக்கரண்டியோடு வந்து நின்றேன். கடையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமை ஜெர்சி சிட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் பாத் (PATH) ரயிலில் போய், கிறிஸ்டோபர் தெருவில் இறங்கினேன். பெட்ஃபோர்டு தெரு, 90ஆம் எண். தொடரில் அந்த நண்பர்களின் குடியிருப்பாகக் காட்டும் கட்டடம் அதுதான். கூட்டமாக நின்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள்? படப்பிடிப்பு நடந்ததோ கலிபோர்னியாவில், பர்பாங்க் ஸ்டுடியோவில். தொடரில் அவர்கள் கூடும் சென்ட்ரல் பெர்க் காபிக் கடையும் கீழே கிடையாது. எல்லாம் தெரிந்துதான் போனேன். தெரிந்தே 11 புகைப்படம் எடுத்தேன். இந்தச் சட்டத்தை வாங்கியது திரும்பும் வழியில்.

1994இல் தொடங்கி 2004இல் முடிந்த தொடர். மொத்தம் 236 பகுதிகள். கடைசிப் பகுதியை அமெரிக்காவில் மட்டும் சுமார் 5 கோடியே 25 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆறு நடிகர்களும் ஒன்றாகவே பேரம் பேசி, கடைசி இரண்டு பருவங்களில் ஒரு பகுதிக்குத் தலா 10 லட்சம் டாலர் வாங்கினார்கள். அந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும். ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனின் தலைமுடியைப் பார்த்து ஊரெல்லாம் ‘ரேச்சல்’ வெட்டு வெட்டிக்கொண்டது. அவருக்கே அது பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

முடிந்த பிறகும் வியாபாரம் ஓயவில்லை. 2019 ஓர் ஆண்டு மட்டும் தொடரைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நெட்ஃபிளிக்ஸ் சுமார் 10 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அதே ஆண்டில்தான் அந்தக் காபிக் கடை லெகோ பொம்மைக் கட்டைகளாக வந்தது. 1,070 துண்டுகள். நான் மூன்று வாரம் தரையில் தவழ்ந்து கட்டியதைப் பழைய வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன். ஆறாம் பருவத்தில், ரேச்சல் பாட்டரி பார்ன் என்ற வீட்டுச் சாமான் கடையில் ஒரு பழைய பாணி மேசை வாங்குவாள். ஒரே அச்சில் வார்த்த சாமான்கள் தோழி ஃபீபிக்கு ஆகாது என்பதால், பழம்பொருள் சந்தையில் வாங்கியதாகப் புளுகுவாள். கடைசியில் அதே கடை ஜன்னலில் ஒரு விளக்கைப் பார்த்து ஃபீபியே மயங்கிவிடுவாள். 2019இல் அந்த நிறுவனம் தொடரின் பெயரிலேயே பொருள்களை விற்றது, அந்த மேசை உட்பட! கேலி செய்த காட்சியே விளம்பரமாகிவிட்டது. ஃபீபியைப் பார்த்துச் சிரித்த நான் இப்போது 28 டாலர் பிளாஸ்டிக்கோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆணி அடிக்கலாம் என்று எழுதாதீர்கள். வாடகை வீடு, முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள். நேற்று வேறு நாடா வாங்கி ஒட்டியிருக்கிறேன், அதற்கு 6 டாலர். ஆக மொத்தம் 34...

ஒரு நிமிடம், ஏதோ சத்தம்.

இல்லை, பக்கத்து வீட்டுக் கதவு.