மறைக்கும் மனமே வேர்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணாச்சி, அக்கா, கடப்புறத்திலிருந்தும் மேட்டு ஊர்களிலிருந்தும் குளச்சலுக்கு வந்து இந்த நேரம் வரை அமர்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"அரசியல் சதிக்கதைகள் வேர் பிடிப்பது மறைக்கும் அதிகாரத்தாலா, மறைக்கும் மனத்தாலா?" இதுதான் தலைப்பு. மறைக்கும் மனத்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அண்ணாச்சி இரண்டு சாட்சிகளைக் கொண்டுவந்தார். ஒன்று நம்முடைய ஒக்கிப் புயல். இன்னொன்று அமெரிக்காவின் வாட்டர்கேட், அதிபர் நிக்சனின் ஆட்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் போய்ப் பிடிபட்ட விவகாரம். "அதிகாரம் மறைத்தது, மக்கள் சந்தேகப்பட்டார்கள், இதில் மனோதத்துவத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். அந்த இரண்டு சாட்சிகளையுமே நான் விசாரிக்கிறேன்.

2017 நவம்பர் 30. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அரசு சொன்ன எண்ணிக்கையை ஊர் நம்பவில்லை. அப்போது ஊர் என்ன செய்தது? தேவாலயப் பங்கு பங்காக உட்கார்ந்து, கரை திரும்பாதவர்களின் பட்டியலை எழுதியது. குழித்துறையில் ரயிலை மறித்தபோதும், "இன்னின்னார் வரவில்லை, தேடுங்கள்" என்றுதான் கேட்டது. ஒருவர் உயிரோடு திரும்பினால் அந்தப் பெயரை அடித்துவிடலாம். அதைவிட மகிழ்ச்சி அந்த ஊருக்கு வேறு இல்லை. இது சந்தேகம், நியாயமான சந்தேகம். இதைச் சதிக்கதை என்று அண்ணாச்சி சொன்னது அந்தக் குடும்பங்களுக்குச் செய்த அநியாயம்.

சந்தேகத்தைத் திருத்தலாம். சதிக்கதையைத் திருத்த முடியாது. எதிராக ஒரு சான்றைக் கொடுத்தால், "பார்த்தீர்களா, சான்றையே தயார் செய்துவிட்டார்கள்" என்று அதையும் விழுங்கிப் பெருக்கும். 2012-ல் பிரிட்டனில் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளவரசி டயானாவின் சாவைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் கொல்லப்பட்டார் என்ற கதையைக் கூடுதலாக நம்பியவர்களே, அவர் சாகவில்லை, செத்ததுபோல் நடித்து ஒளிந்துகொண்டார் என்ற கதையையும் கூடுதலாக நம்பினார்கள். ஒரே ஆள் கொல்லப்பட்டும் இருக்க வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும்! தகவல் மறைக்கப்பட்டதால் வந்த நம்பிக்கை என்றால் இரண்டில் ஒன்றுதான் நிற்கும். இரண்டும் சேர்ந்து நிற்கிறது என்றால், தகவலுக்கு முன்பே உள்ளே ஏதோ ஒன்று தயாராக இருக்கிறது.

அந்த ஒன்றுக்கு உளவியலில் புறத்தேற்றம் என்று பெயர். நமக்குள் இருக்கும் ஆசையை, குற்றத்தை, பயத்தை நமதென்று ஒப்புக்கொள்ள முடியாமல், வெளியே ஒருவர்மேல் ஏற்றி, அவரிடம் அதைக் 'கண்டுபிடிப்பது'.

நம் மாவட்டத்தில் இன்னும் தோல்பாவைக்கூத்து ஆடும் கலைஞர்கள் இருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு. ஆட்டுத்தோலில் செய்து சாயம் ஏற்றிய பாவை. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிறமும் துளைகளும் தெளிவாகத் தெரியும். விளக்கின் பக்கமாகப் பின்னால் இழுத்தால் நிழல் பெருக்கும், பூதமாகும், விளிம்பு கலங்கும். ராமனுக்கும் ராவணனுக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள்தான். முன்னால் உட்கார்ந்து பார்க்கிற குழந்தை ராவணனைப் பார்த்துப் பயப்படும். புறத்தேற்றத்தில் ஒரே ஒரு வித்தியாசம்: கூத்து ஆடுபவரும் பயப்படும் குழந்தையும் ஒருவரே. ஆட்டுவிக்கிற தன் கையை அவர் பார்ப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது? பிராய்டு சொன்ன ஆழ்மனத்தை நம்ப வேண்டியதில்லை, நடுவர் அவர்களே. 1997-ல் நியூமன், டஃப், பாமைஸ்டர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதனையில் காட்டினார்கள். கலந்துகொண்டவர்களிடம், "உங்கள் குணத்தில் இன்னின்ன குறைகள் இருப்பதாகத் தெரிகிறது" என்று சொன்னார்கள். ஒரு குறையைப் பற்றி மனம்விட்டுப் பேசவிட்டார்கள். இன்னொன்றை நினைக்கவே கூடாது என்றார்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவரைக் காட்டி, இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். அமுக்கி வைத்த குறையைத்தான் அந்த ஆளிடம் தூக்கலாகக் கண்டார்கள். பேசித் தீர்த்த குறையை அப்படி ஏற்றவில்லை. காரணம் எளிது. ஒன்றை நினைக்கக் கூடாது என்று காவல் காக்கிற மனம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே ஒருவர் கொஞ்சம் அசைந்தாலும் முதலில் கைக்கு வருகிற சொல் அதுதான்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மருத்துவர்களைக் கேட்டுப் பாருங்கள், காமாலைக்காரருக்கு உலகம் பொதுவாக மஞ்சளாகத் தெரிவதில்லை. மஞ்சள் அவர் கண்ணில்தான் இருக்கும், எதிரே நிற்கிறவருக்குத்தான் தெரியும். புறத்தேற்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான உவமை இல்லை.

இதற்கும் அரசியல் சதிக்கதைக்கும் என்ன தொடர்பு என்று அக்கா கேட்டார். அதே கெண்ட் பல்கலைக்கழகத்தில் கேரன் டக்ளஸ், ராபி சட்டன் இருவரும் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேள்வி நேரடியானது. "அவர்கள் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், அந்தச் சதியில் சேர்ந்திருப்பீர்களா?" சேர்ந்திருப்பேன் என்ற பக்கம் சாய்ந்தவர்களே, அந்தச் சதி நடந்தது என்றும் கூடுதலாக நம்பினார்கள். அடுத்த சோதனையில் சிலருக்கு அவர்களுடைய நல்ல நடத்தையை முதலில் நினைவூட்டினார்கள். அவர்களிடம் சதி நம்பிக்கை குறைந்தது. அரசு எதையும் புதிதாக வெளியிடவில்லை, ஓர் ஆவணமும் திறக்கவில்லை. மாறியது மனம் மட்டும்தான்!

இப்போது வரலாற்றில் மிகப் பெரிய சதிக்கதையை எடுப்போம். உலகத்தையே யூதர்கள் ரகசியமாக ஆளத் திட்டமிடுகிறார்கள் என்று சொல்லும் ஒரு போலி ஆவணம், 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற பெயரில், 1903-ல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வந்தது. 1921-ல் லண்டன் டைம்ஸ் நிருபர் பிலிப் கிரேவ்ஸ் இரண்டு புத்தகங்களைப் பக்கத்துப் பக்கம் வைத்துக் காட்டினார். 1864-ல் மூரீஸ் ஜோலி என்ற பிரெஞ்சு வழக்கறிஞர் மூன்றாம் நெப்போலியனின் சர்வாதிகாரத்தைச் சாடி எழுதிய கற்பனை உரையாடலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியது அது. ஜோலியின் நூலில் யூதர் என்ற பேச்சே கிடையாது. பத்திரிகைகளை வளைப்பது, எதிர்ப்பை ஒடுக்குவது, மக்களை ஏமாற்றி ஆள்வது எல்லாம் ஒரு பேரரசனின் ஆட்சி முறை. அதைப் பெயர்த்து, அதிகாரமே இல்லாத ஒரு சிறுபான்மையின்மேல் ஏற்றினார்கள். போலி என்று 1921-லேயே வெளியான பிறகும் நாஜிகள் அதை அச்சடித்துப் பரப்பினார்கள். பிறகு பத்திரிகைகளை வளைத்ததும், எதிர்ப்பை ஒடுக்கியதும், உலகத்தை ஆள முயன்றதும் யார்? எதிரியின் திட்டம் என்று அவர்கள் வாசித்துக் காட்டியதெல்லாம் அவர்கள் தாங்களே செய்தவை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1964-ல் இதையே வேறு இடத்தில் சுட்டிக்காட்டினார். கத்தோலிக்கர்களை வெறுத்த, வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் கிளான் கத்தோலிக்கக் குருக்களைப் போல அங்கி போட்டுச் சடங்கு வளர்த்தது. கம்யூனிஸ்டுகளைக் கண்டு நடுங்கிய ஜான் பிர்ச் சங்கம் கம்யூனிஸ்டுகளைப் போலவே ரகசியக் குழுக்களை அமைத்தது. எதிரி என்பவன் பல வகையில் தன் நிழல்தான் என்றார்.

இது உயிர்களையும் குடித்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பின், பிரச்சாரம் எப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கும் ஒரு குறிப்பு கிடைத்தது. அதில் ஒரு முறைக்குக் 'கண்ணாடிக் குற்றச்சாட்டு' என்று பெயர். நாம் என்ன செய்யப்போகிறோமோ அதை எதிரி செய்யப்போகிறான் என்று முதலில் சொல்லிவிடு. மேலே இருப்பவர்கள் தெரிந்தே சொல்கிறார்கள். கீழே இருப்பவர்கள் உண்மையிலேயே பயந்து கத்தியை எடுக்கிறார்கள். 1982 மார்ச்சின் மண்டைக்காட்டுக் கலவர நாட்களைக் கண்ட பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். "அவங்க வரப்போறாங்க" என்ற இரண்டு சொல் ஒரு ராத்திரியில் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வாக்குச்சாவடிக்கு வருவோம். 2009 மக்களவைத் தேர்தலில் தோற்றபின், பாரதிய ஜனதா தரப்பிலிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தின்மேல் சந்தேகம் கிளம்பியது. 2010-ல் அதற்கு ஒரு புத்தகமே வந்தது. 2017-ல் உத்தரப் பிரதேச முடிவுக்குப் பின், அதே சந்தேகத்தை எதிர்க்கட்சிகள் கையில் எடுத்தன. தோற்றால் இயந்திரம் கள்ளன், ஜெயித்தால் யோக்கியன். அதிகாரம் மறைப்பதால்தான் கதை பிறக்கிறது என்றால், ஜெயித்த நாளிலும் பிறக்க வேண்டுமே! தோல்வியில் மட்டும் பிறக்கிறது என்றால், தோல்விக்கான காரணத்தைத் தன் பக்கம் தேடத் துணியாத மனத்தில் பிறக்கிறது. வேலூரில் 2019-ல் பண விநியோகப் புகாரால் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். இரவு வாக்குக்குக் கவர் கொடுத்த கைக்கு, எதிராளி இயந்திரத்தில் கை வைத்திருக்க மாட்டான் என்று நம்புவது கஷ்டம். தேர்தலை விலைக்கு வாங்கலாம் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

இயந்திரத்தைச் சரிபார்க்க வழியே இல்லையா? இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். வாக்களித்த சின்னம் அச்சான சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரியும். முடிந்ததும் பதிவான மொத்த வாக்குகள் எழுதிய 17சி படிவத்தின் நகல் ஒவ்வொரு முகவருக்கும் கிடைக்கும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் மொத்தம் அதோடு பொருந்த வேண்டும். 2019-லிருந்து ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் குலுக்கல் முறையில் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் 6 தொகுதி, ஆக 30 சாவடி. இது போதாது, கூட்ட வேண்டும் என்று வாதாடுங்கள், அது நல்ல சந்தேகம். ஆனால் காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கு ஆள் அனுப்பாமல், மாலையில் 17சி வாங்காமல் வந்துவிட்டு, ஒரு மாதம் கழித்துச் சதி என்றால் அது சரிபார்க்க விரும்பாத மனம். சரிபார்த்தால் கதை போய்விடுமே என்ற பயம்.

அண்ணாச்சியின் இரண்டாவது சாட்சிக்கு வருகிறேன். வாட்டர்கேட் நடந்தது உண்மை. 1972 ஜூன் 17 அதிகாலை, கதவுப் பூட்டில் ஒட்டியிருந்த டேப்பைக் காவலாளி ஒருவர் பார்த்தார், ஐந்து பேர் பிடிபட்டார்கள், 1974 ஆகஸ்டில் அதிபரே பதவி விலகினார். ஆனால் நிக்சன் எப்படிப்பட்டவர்? 1968 தேர்தலில் தன் பிரச்சார விமானத்தில் ஒட்டுக்கேட்புக் கருவி வைத்தார்கள் என்று நம்பியவர். அவர் மாளிகையில் எதிரிகள் பட்டியல் எழுதி வைத்திருந்தார்கள். எதிரி ஒட்டுக்கேட்கிறான் என்று நம்பியவரின் ஆட்கள் எதிரியின் அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கப் போனார்கள். அண்ணாச்சி, உங்கள் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறார்.

உண்மையான சதி சின்னதாக இருக்கும், கைதவறும், பிடிபடும். 2016-ல் டேவிட் கிரைம்ஸ் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டார். நிலவில் இறங்கியது பொய் என்றால், அப்போது நாசாவில் இருந்த 4,11,000 பேரும் வாய்மூடியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ரகசியம் சுமார் 3.7 ஆண்டுக்குள் உடைந்திருக்கும். ஆனால் சதிக்கதையின் எதிரி ஒருபோதும் தவறுவதில்லை. எல்லாம் தெரிந்தவன், எங்கும் இருப்பவன், வெட்கமே இல்லாதவன். இப்படி ஒரு ஆள் உலகத்தில் கிடையாது. நாம் இப்படி இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்ற கனவில் மட்டும் இருக்கிறான்.

அதிகாரம் மறைப்பதற்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சட்டையை மாட்ட ஆணி வேண்டும். அரசின் ஒளிவுமறைவு அந்த ஆணி. ஆனால் ஆணி சட்டையைத் தைப்பதில்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: "நீ சொல்வது புறத்தேற்றம்" என்று எதிராளியின் வாயை அடைக்க இந்தச் சொல்லை எடுப்பவர் அதே தவறைச் செய்கிறார். இது முதலில் நம்மை நாமே சோதிக்கிற கருவி. ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும் ரத்தம் கொதிக்கிறதா? குற்றம் சாட்டப்பட்ட கட்சியின் பெயரை அடித்துவிட்டு நம் கட்சியின் பெயரை எழுதிப் படியுங்கள். "நம்ம ஆள் செய்தால் சாமர்த்தியம்" என்று ஒரு நொடி தோன்றினால், அங்கேதான் விளக்கு எரிகிறது.

சதிக்கதையை நம்புகிற உறவினரிடம் ஆதாரத்தை வாரி இறைத்தால் அவர் இன்னும் இறுகிப்போவார். "எது கிடைத்தால் மனம் மாறுவீர்கள் மாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏதாவது ஒன்றைச் சொன்னால், அதையே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் குறையிருந்தால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். "ஏன் மறைக்கிறீர்கள்?" என்று கேட்டால் மனு திரும்பிவிடும். இன்ன தேதியின் இன்ன பதிவேட்டின் நகல் என்று கேட்க வேண்டும். எதுவுமே என் மனத்தை மாற்றாது என்று மாமா சொன்னால், அன்றைக்கு வாதத்தை நிறுத்திவிட்டு, எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு உட்காருங்கள். அமுக்கினால் வெளியே ஏறும், பேசினால் ஏறாது என்பதுதான் அந்த 1997 சோதனையில் கண்டது.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அடுத்த தேர்தலில் பூத்தில் முகவராக உட்காரப் போகிற தம்பி தங்கைகள் இருந்தால் இடைவேளையில் வாருங்கள். 17சி படிவத்தில் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிறேன்.