வட்டத்துல உக்காந்தவங்கதான் மாத்துறாங்க: பட்டிமன்றத்துல எங்க அணிக்காகப் பேசுனது

நடுவர் அம்மாவுக்கும், எங்க அணித்தலைவர் ஐயாவுக்கும், எதிர்ல உக்காந்திருக்குற அண்ணன் அக்காங்களுக்கும், ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு தடவை சொல்லிடுறேன், லேட்டா வந்தவங்க இருக்காங்க. வேலைக்குப் போயிட்டு குடும்பமும் நடத்துற வளந்த மனுஷங்களுக்கு தன்னம்பிக்கை, தலைமைப்பண்புன்னு வொர்க்‌ஷாப் நடத்துறாங்களே, அதுல ஆளை உண்மையிலேயே மாத்துறது மேடையில பேசுறவரா, இல்ல கூட வட்டமா உக்காந்திருக்குறவங்களா. நான் வட்டத்துக்காகப் பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசுன அண்ணன் என்ன சொன்னாரு? ஐநூறு பேரு இருக்குற ஹாலை ஒத்த ஆளு மைக்கைப் புடிச்சு அழ வச்சு சிரிக்க வச்சு நெஞ்சை நிமித்தி வீட்டுக்கு அனுப்புறாரு, அந்த சூடு இல்லாம எவன் மாறுவான்னு கேட்டாரு. அந்த சூடு நிஜம்தான்ணே, நான் மறுக்கல. ஆனா அந்த மேடையில இருந்தவருக்கு நான் யாருன்னே தெரியாதே. நான் வீட்ல எப்படிக் கத்துறேன், ஆபீஸ்ல ஜூனியர் பேசும்போது எப்படி நடுவுல புகுந்து வெட்டுறேன், மேனேஜர் முன்னாடி எப்படிக் குறுகிப்போறேன், இதுல ஒண்ணையும் பாக்காத மனுஷன் எனக்குன்னு என்ன சொல்லிட முடியும்? ஐநூறு பேருக்கும் பொருந்துற மாதிரி பொதுவாத்தான் சொல்ல முடியும்.

இந்த ட்ரெயினிங் எடுத்த முக்கால்வாசிப் பேரு ஜோஹாரி விண்டோ பாத்திருப்பீங்க, சார்ட் பேப்பர்ல நாலு கட்டம் போடுவாங்க. 1955ல ஜோசப் லுஃப்ட், ஹாரி இங்கம்னு ரெண்டு பேரு கொண்டு வந்தது, ரெண்டு பேரோட பேரையும் ஒட்டி வச்சதுதான் ஜோஹாரி. அதுல ஒரு கட்டம் இருக்கு பாருங்க, என்னைப் பத்தி எனக்குத் தெரியாது ஆனா அடுத்தவங்களுக்குத் தெரியும்னு, எல்லா வேலையும் அந்தக் கட்டத்துலதான் கிடக்கு. அதை நானா தொறக்க முடியாது, என்னைப் பாத்தே இராத பேச்சாளராலயும் முடியாது, ரெண்டு நாளா என் பக்கத்துல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டிருந்த ஒருத்தர் 'நீங்க கேள்வி கேப்பீங்க, ஆனா பதிலுக்கு நிக்க மாட்டேங்கிறீங்க'ன்னு மெதுவா சொன்னாத்தான் அது தொறக்கும். அப்ப வலிக்கும், வாஸ்தவம்தான். ஆனா அந்த ஒரு வரி நாம சாகுற வரைக்கும் மறக்காது.

இந்த முறையே எப்படிப் பொறந்துச்சுன்னு பாருங்க. 1946 கோடைகாலம், அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம், நியூ பிரிட்டன்னு ஒரு ஊரு. கர்ட் லெவின்னு ஒரு மனவியல் அறிஞர், யூதர், ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனவரு, இனவெறியைக் குறைக்க உள்ளூர் ஆளுங்களைத் தயார் பண்ணணும்னு டீச்சருங்க, சமூக சேவகருங்களை எல்லாம் கூட்டி வொர்க்‌ஷாப் நடத்துறாரு. பகல்ல இவங்க குழு குழுவா பேசுவாங்க. ராத்திரி ஆராய்ச்சிக்காரங்க மட்டும் தனியா உக்காந்து இன்னிக்கு யாரு என்ன பண்ணாங்கன்னு குறிப்பு வச்சுப் பேசுவாங்க. ஒரு நாள் கலந்துக்கிட்டவங்க சில பேரு நாங்களும் உக்காரலாமான்னு வந்து நிக்கிறாங்க. வேணாம்னு சொல்லிருக்கலாம், லெவின் உக்காரச் சொல்லிட்டாரு. பேச்சு நடக்குது, வந்தவங்கள்ல ஒரு அம்மா காலையில இப்படி நடந்துக்கிட்டாங்கன்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொல்றாரு, அந்த அம்மா உடனே இல்ல, அப்படி நடக்கவே இல்லன்னு மறுக்குறாங்க. வாக்குவாதம் ஆயிடுச்சு. மறுநாள் ராத்திரி பாத்தா இன்னும் நிறைய பேரு வந்து உக்காந்துட்டாங்க. பகல் பூரா நடந்த பாடத்தை விட, தான் எப்படி இருந்தோம்னு அடுத்தவங்க வாயால கேட்ட அந்த ராத்திரிப் பேச்சுலதான் விஷயம் இருக்குன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் லெவின் காலமாயிட்டாரு, அவரு கூட இருந்தவங்க 1947 கோடையில மெயின் மாநிலத்துல பெத்தேல்னு ஒரு சின்ன ஊர்ல அதையே முழு முறையா நடத்துனாங்க. டி-குரூப், அதாவது ட்ரெயினிங் குரூப்னு இன்னிக்கு சொல்றாங்களே, அது அங்க இருந்து வந்ததுதான். நல்லா கவனிங்க நடுவர் அம்மா, அன்னிக்கு ராத்திரி லெவின் பேசி யாரையும் மாத்தல, கதவைத் தொறந்து விட்டாரு, அவ்வளவுதான்.

அமெரிக்காக் கதை நமக்கு எதுக்குன்னு எதிரணி அக்கா கேப்பாங்க. சரி, தருமபுரிக்கு வாங்க. 1989ல தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில சுயஉதவிக் குழுக்களை ஆரம்பிச்சது அந்த மாவட்டத்துலதான். குழுவுக்கு ஊக்குநர், பிரதிநிதின்னு உண்டு, அவங்களுக்குத் தனியா பயிற்சியும் உண்டு. அந்த மாதிரி ஒரு பயிற்சியில நான் ஓரமா உக்காந்து பாத்திருக்கேன். ஜமுக்காளம் விரிச்சு இருபது பேரு சுத்தி உக்காந்திருக்காங்க. நடத்துற அம்மா பேங்க்ல போயி லோன் கேக்குறதை நடிச்சுக் காட்டச் சொன்னாங்க. ஒரு அக்கா மேனேஜரா நாற்காலில உக்காந்தாங்க, இன்னொரு அக்கா தீர்மான நோட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நின்னுக்கிட்டே பேசுனாங்க. முடிஞ்சதும் நடத்துற அம்மா ஒரு வார்த்தை சொல்லல, என்ன பாத்தீங்கன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருந்தாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல, ஒருத்தங்க கொழந்தையைத் தட்டிக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தங்க ஜமுக்காள நூலைப் பிச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பின்னாடி இருந்து ஒரு பாட்டி, 'ஏம்மா, எதிர்ல காலி நாற்காலி கிடக்குல்ல, நீ ஏன் நிக்குற, நம்ம பணம் அவங்க பேங்க்ல கிடக்கு, உக்காந்து பேசு'ன்னாங்க. அந்த அக்கா திரும்பி அந்த நாற்காலியைப் பாத்தாங்க. மறுபடி நடிச்சப்ப உக்காந்தாங்க, நோட்டை மேசை மேல வச்சாங்க, குரலே மாறிடுச்சு. இதையே பயிற்சி நடத்துற அம்மா சொல்லிருந்தா அது பாடம், எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. தன்னை மாதிரியே ஒரு பாட்டி சொன்னதுனாலதான் உடனே உக்காந்தாங்க.

இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். 1964ல ஹார்வர்டு பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட் ஆந்திராவுல காக்கிநாடாவுல இருந்து சின்னச் சின்ன வியாபாரிங்களை ஹைதராபாத்துக்குக் கூப்பிட்டு சாதிக்கணும்ங்குற உந்துதலுக்குப் பயிற்சி குடுத்தாரு. பாடமும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுல வளையம் வீசுற விளையாட்டு ஒண்ணு இருந்துச்சு, எவ்வளவு தூரத்துல நின்னு வீசுறதுன்னு அவங்கவங்களே முடிவு பண்ணணும். பக்கத்துல நின்னு சுலபமா போடுறவரும் தெரிவாரு, முடியவே முடியாத தூரத்துல போய் நிக்கிறவரும் தெரிவாரு, கடையில எப்படி முடிவெடுக்குறாங்களோ அது அப்படியே அங்க கூட நிக்கிறவங்க கண்ணுக்குத் தெரிஞ்சிடும். பின்னாடி, பயிற்சிக்கு வராத ராஜமுந்திரி வியாபாரிங்களோட ஒப்பிட்டுப் பாத்தப்ப பயிற்சிக்குப் போனவங்க தொழில்ல கூடுதலா இறங்கியிருந்தாங்க.

இப்ப எதிரணியோட பெரிய ஆயுதத்துக்கு வர்றேன். வட்டத்துல உக்கார வச்சு மனசைக் கிளறி விட்டுட்டா உடைஞ்சு போறவங்க இருக்காங்களேன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி, அதை நான் ஒதுக்க மாட்டேன். லீபர்மேன், யாலம், மைல்ஸ்னு மூணு பேரு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருநூறு பேருக்கு மேல வச்சு இந்த மாதிரி பலவகைக் குழுக்களை ஆராய்ஞ்சு 1973ல வெளியிட்டாங்க. மனசளவுல பாதிக்கப்பட்டவங்க நிஜமாவே இருந்தாங்க. ஆனா எந்தக் குழுவுல அதிகம்? தலைவரே நடு மேடையாட்டம் நின்னு, கவர்ச்சியா பேசி, ஒவ்வொருத்தரையும் குத்திக் கிளறி, இப்பவே உடைஞ்சு அழுன்னு தள்ளுன குழுவுலதான். அக்கறையா இருந்து, நடந்ததை எல்லாரும் புரிஞ்சுக்க உதவி பண்ணி, தள்ளுறதை அளவோட வச்சுக்கிட்டவங்க குழுவுலதான் நல்ல பலன். ஆக ஆபத்தும் மேடைக்காரர் குணத்துலதான் இருக்கு.

அந்த குணம் எங்க கொண்டு போய் விடும்னும் பாத்துட்டோமே. 2009 அக்டோபர்ல அரிசோனாவுல செடோனா பக்கம், பேர் பெத்த ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஆளுக்கு கிட்டத்தட்ட 10,000 டாலர் வாங்கிக்கிட்டு, மூடுன கூடாரத்துக்குள்ள சூடான கல்லைப் போட்டு ஆவியில உக்கார வச்சாரு. தாங்குங்க, தாண்டி வாங்கன்னு உற்சாகப்படுத்துனாரு. மூணு பேரு செத்துப் போனாங்க. 2011ல கோர்ட்டு அவரைக் குற்றவாளின்னு சொல்லி ஜெயிலுக்கு அனுப்புச்சு. எனக்கு அதைப் படிச்சப்ப வந்த கோவம் இன்னும் அடங்கல. அங்க இருந்தவங்க விவரம் இல்லாதவங்க இல்ல, படிச்சவங்க, தொழில் பண்றவங்க. எல்லார் கண்ணும் மேடையில இருந்த ஒத்த ஆள் மேல இருந்ததுனால பக்கத்துல மயங்குறவரைப் பாத்து போதும் நிறுத்துன்னு சொல்ற தைரியம் நிறைய பேருக்கு வரல.

கடைசியா அண்ணன் கேட்டாரு, சும்மா உக்காந்து மத்தவங்களைப் பேச விடுறதுக்கு எதுக்குய்யா ஃபீஸுன்னு. அண்ணே, அதுதான் இருக்குறதுலயே கஷ்டமான வேலை. இருபது பேரு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும்போது அந்த அமைதியைத் தாங்கிக்கிட்டு தானும் பேசாம இருக்கணும், ஒருத்தரே பத்து நிமிஷம் பேசுனா மனசு நோகாம நிறுத்தணும், ஒருத்தர் சொன்ன வார்த்தை இன்னொருத்தரைக் கிழிச்சிருந்தா அதை அங்கேயே ஆத்தணும், அழுறவரை இன்னும் அழ வைக்காம தண்ணி குடுத்து வெளியில காத்தாட விடணும். நம்ம நாட்டுல ஐஎஸ்ஏபிஎஸ், அதாவது இந்தியன் சொசைட்டி ஃபார் அப்ளைடு பிஹேவியரல் சயின்ஸ் மாதிரி அமைப்புங்க 1970கள்ல இருந்தே இந்த வட்டப் பயிற்சியை லேப்ங்குற பேர்ல நடத்துறாங்க, அங்க நடத்துறவரா ஆகணும்னா முதல்ல தானே வட்டத்துல ஒருத்தரா உக்காந்து அடி வாங்கித் தேறி வரணும். மேடைப் பேச்சை மனப்பாடம் பண்ணிடலாம்ணே, இதை முடியாது.

அதனால இங்க உக்காந்திருக்குறவங்க கிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை ஆபீஸ்ல அனுப்புறாங்கன்னோ சொந்தக் காசு கட்டியோ வொர்க்‌ஷாப்புக்குப் போகும்போது பேச்சாளரோட வீடியோவை மட்டும் பாக்காதீங்க. ஒரு பேட்ச்ல எத்தனை பேருன்னு கேளுங்க, எனக்கு ஒத்து வரலைன்னா நடுவுல எந்திரிச்சுப் போகலாமான்னு கேளுங்க, முடிஞ்சப்புறம் அந்தக் குழு மறுபடி எப்ப கூடும்னு கேளுங்க. இதுக்குப் பதில் சொல்ல முடியாதவர்கிட்ட பணத்தைக் கட்டாதீங்க.

மணி அடிச்சுட்டாங்க. நடுவர் அம்மா, தீர்ப்பை எங்க பக்கம் தரணும்னு கேட்டு உக்காருறேன். நன்றி, வணக்கம்.