காலருக்குள் ஓர் எண்

எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பேச அழைத்தவர்கள், "உங்கள் ஸ்டைலுக்கு யார் முன்மாதிரி என்று சொல்லுங்கள்" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அதற்குப் போகும் முன் ஒரு சட்டையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

டிசைன் படிப்பின் முதலாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு பயிற்சி. ரெடிமேட் சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைத் தாளில் பரப்பி, பேட்டர்ன், அதாவது வெட்டும் அச்சு வடிவம், எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் முழுக்க அதிலேயே போயிற்று. முன்பக்கத்துக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று, தோள்பட்டைக்கு இரண்டு, கைகள் இரண்டு, மணிக்கட்டில் வரும் கஃப்புக்கு நான்கு, காலருக்கும் அதன் அடிப்பட்டைக்கும் நான்கு, கைத்திறப்புப் பட்டிகள் நான்கு, பாக்கெட் ஒன்று. விறைப்புக்காக உள்ளே வைத்த கேன்வாஸைச் சேர்க்காமலே 20 துண்டுகள். காலரைப் பிரித்தபோது உள்ளே நகத்தளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஓர் எண். துணியை அடுக்கி வெட்டும்போது ஒரே அடுக்கில் வந்த துண்டுகள் ஒரே சட்டைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நிறம் இலேசாகத் தப்பிவிடும், அதற்குத்தான் இந்த எண் என்று ஆசிரியர் சொன்னார். எடுக்க மறந்துவிட்டார்கள் போல.

சட்டை ஏதோ இயந்திரத்திலிருந்து வந்து விழுகிறது என்றே அதுவரை நினைத்திருந்தேன். இயந்திரம் ஓடுவது உண்மைதான். ஆனால் வளைவான கையை வளைவான கைக்குழியோடு சேர்த்து, சுருக்கம் விழாமல் ஊசிக்கு அடியில் நகர்த்துவது இன்றும் ஒருவருடைய விரல்கள்தாம். துணி நெளியும், இழுபடும். கார் பாகங்களைப் பொருத்துகிற ரோபோ சட்டையிடம் திணறுவது அதனால்தான். தையற்கூடத்து லைனில் ஒருவர் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பார், அடுத்தவர் கஃப் மட்டும். மணிக்கு இத்தனை என்று டார்கெட்.

2013 ஏப்ரல் 23 அன்று, வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சாவரில் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மேல் மாடித் தையற்கூடங்களுக்கு மட்டும் மறுநாள் காலை ஆட்களை வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்தெந்த நிறுவனங்களுக்காக அங்கே தைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள, இடிபாடுகளுக்குள் லேபிள்களைப் பொறுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று என் ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தேன். சட்டைக் கழுத்தில் நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருந்தது. தைத்தவரின் தடயம் காலருக்குள் ஒளிந்திருந்தது, அதுவும் மறதியால்.

இந்த இடத்தில் முதலாளிகளை நான்கு திட்டுத் திட்டிவிட்டு இறங்கிவிடலாம். திட்டினால் தப்பில்லை. ஆனால் நாம் டிசைன் படிப்பவர்கள். நம் பென்சிலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தேய்ந்து வெளுத்த ஜீன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1873-இல் லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் பாக்கெட் கிழியாமலிருக்க அடிக்கும் செம்புத் தறையாணிகளுக்குக் காப்புரிமை வாங்கியபோது அது வேலைக்காரர்களின் கால்சட்டை. தொடையும் முட்டியும் உழைப்பில் தேய்ந்தன. அந்தத் தேய்வு பிற்பாடு அழகாகிவிட்டது. புதுத் துணியைப் பழசாக்கக் காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சினார்கள். அந்தத் தூசி துருக்கியில் இளம் வயதுத் தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் போய்ச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் ஆனது. 2009-இல் அந்த நாடு அந்த முறையைத் தடை செய்தது. முட்டியில் ஒரு வெளுப்பு வேண்டும் என்று தாளில் யாரோ வரைந்ததில்தான் அது தொடங்கியது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஓரத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, முன்மாதிரிக்கு வருகிறேன். மூட் போர்டில், அதாவது ஒரு டிசைனுக்குத் தூண்டுதலான படங்களைச் சேர்க்கும் பலகையில், படம் ஒட்டுவது நமக்கெல்லாம் பிடித்த வேலை, எனக்கும்தான். படத்தை வெட்டும்போது ஆளையும் சேர்த்து வெட்டிவிடுகிறோம் என்பதுதான் என் குறை. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் மிஹே மக்கள் வாழும் ஓர் ஊரின் பூத்தையல் ரவிக்கை, பிரெஞ்சு டிசைனர் இசபெல் மரானின் தொகுப்பில் வந்தது. 2015-இல் ஊர் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த வடிவம் அந்த ஊரிலிருந்து வந்ததுதான் என்று மரான் தரப்பே பாரிஸ் நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தது. ஊரின் பெயரை முதலிலேயே சொல்லியிருந்தால் ஸ்டைல் ஒன்றும் குறைந்திருக்காது.

என் முன்மாதிரி பிரெஞ்சு டிசைனர் மாட்லென் வியொனே. சின்ன வயதிலேயே தையல் வேலைக்குப் போனவர். பழைய கிரேக்கச் சிற்பங்களில் துணி விழுகிற விதத்தைப் பார்த்து, சின்ன மரப்பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றி, இழைக்குச் சாய்வாக, கிராஸாக வெட்டித் தைக்கும் முறையில் 1920-களில் பெரும் பெயர் வாங்கினார். அவர் செய்ததில் பிரதி எடுப்பதே இல்லை. விழும் முறையைத்தான் எடுத்துக்கொண்டார். தன் கூடத்துப் பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் மருத்துவ வசதியும் கொடுத்தார். இன்னொன்று: தன் உடைகளைத் திருட்டுப் பிரதி எடுக்காதிருக்க, லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். ரேகை முதலாளியுடையது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இருந்தாலும் லேபிளில் ஒரு விரலைப் பார்த்தது எனக்கு அதுவே முதல் முறை.

இப்போது என் மூட் போர்டில் ஒவ்வொரு படத்தின் கீழும் செய்தவர் பெயரையோ ஊரையோ எழுத ஒரு கோடு போடுகிறேன். பாதிக் கோடுகள் காலி. ஏன் இவ்வளவு இடத்தை வீணாக்குகிறாய் என்று ஆசிரியர் கேட்டார். கோடு காலியாக இருக்கும் படங்களை வைத்து வரைவதை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன்.

அப்புறம், அந்தச் சட்டையைத் திரும்பத் தைக்கிறேன். இடது கை மட்டும் இன்னும் உட்காரவில்லை, இரண்டு முறை பிரித்துவிட்டேன். நன்றி.