மன்னார்க் கவிஞருக்காகப் பேசிய ஐரோப்பிய எம்.பி.க்கள்

வணக்கம் நேயர்களே. கூடலூர், கோத்தகிரி பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இலங்கையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம், எங்களுடையதும் அதில் ஒன்று. ஆனாலும் அஹ்னாப் ஜஸீம் என்றால் யாரென்று இங்கே பலருக்குத் தெரியவில்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

மன்னார்க்காரர், ஆசிரியர். 2017-ல் 'நவரசம்' என்று தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டார். அந்தப் புத்தகம் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று சொல்லி 2020 மே மாதம் பிடித்துக்கொண்டு போனார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979-ல் மூன்று வருஷத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்து, 1982-ல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. குற்றப்பத்திரிகையே இல்லாமல் ஒருவரை மாதக்கணக்கில் உள்ளே வைக்க அதில் இடமிருக்கிறது.

2021 ஜூன் 10-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஜஸீமையும், அதே சட்டத்தில் கைதான வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார்கள். அப்புறம், ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றியும் யோசிக்கச் சொன்னார்கள். கொழும்புக்கு உறைத்தது இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் இலங்கையின் ஆயத்த ஆடைகள் ஐரோப்பாவுக்குத் தீர்வை இல்லாமல் போவது அந்தச் சலுகையால்தான், 2010-ல் ஒருமுறை அதைப் பறிகொடுத்த நாடு அது.

2021 டிசம்பரில் ஜஸீமுக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலையே செய்துவிட்டது. தீர்மானம் ஒன்றால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன், வழக்கறிஞர்கள் மாடாய் உழைத்திருக்கிறார்கள். ஆனால் இலங்கைப் பத்திரிகையாளர் திசைநாயகத்தையும் நினைத்துப் பாருங்கள்: எழுதியதற்காக 2009-ல் 20 வருஷத் தண்டனை, அதே வருஷம் ஒபாமா அவர் பெயரைச் சொல்லிப் பேசினார், 2010 மே மாதம் பொதுமன்னிப்பு.

அயல்நாட்டு எம்.பி.க்களுக்கு இதில் என்ன வேலை, அவர்கள் தங்களுக்கு வசதியான இடத்தில் மட்டும்தானே வாய் திறக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சரி, நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே கிடக்கிறவருக்குத் தன் பெயரை வெளியே யாரோ சொல்கிறார்கள் என்பதே பெரிய பலம். எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கவிதைகளைத் தமிழில் அப்படியே படிக்கக்கூடியவர்கள் நாம், நாம் எத்தனை பேர் கேட்டோம்?

ஜஸீம் விடுதலையானபோதும் அந்தச் சட்டம் அப்படியேதான் இருந்தது. நம்ம ஊருக்கு எம்.பி. வந்தால் சம்பளம், வீட்டுமனை, யானைத் தொல்லை எல்லாம் சொல்கிறோம். கூடவே, கடலுக்கு அந்தப் பக்கம் எழுதியதற்காக உள்ளே இருப்பவர்களைப் பற்றி டில்லியில் ஒரு கேள்வி எழுப்பச் சொல்லி எழுதிக் கையில் கொடுங்கள்.